கண்ணெட்டும் தூரம், காதெட்டும் தூரம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நரிக்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் மத்தியான பஸ்ஸில் இது தொடங்கியது. தொடங்கியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையின் முக்கியமான விஷயங்கள் பலவும் நான் தூங்கும்போதே தொடங்கியிருக்கின்றன.

தூக்கத்துக்குக் காரணம் இருந்தது. நரிக்குடி பக்கம் குலசாமி கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கிடாய்க் கறி. போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் கைமேலேயே பரிமாறிவிடுகிற கூட்டம் அது. நான் கையை நீட்டவும் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் கடை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பகலெல்லாம் தும்முவேன், சாயங்காலம் புத்தகம் படிப்பேன். மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. மகள் புனேயில். வீட்டில் நான் ஒருத்தன். “தனியா எப்படி இருக்கீக” என்று யாராவது கேட்டால், தனிமையின் மேன்மை பற்றிப் புத்தகங்களில் படித்து வைத்திருக்கும் நல்ல வாக்கியங்களில் ஒன்றை எடுத்துவிடுவேன். கேட்டவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

நரிக்குடியில் பஸ் கிளம்பும் நேரத்தில் இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, கழுத்தில் டை. நம் பக்கத்துச் சித்திரையில் டை கட்டிய ஆளைப் பார்ப்பது அபூர்வம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள்கூடப் பங்குனியிலேயே கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள். ஒருவன் நெட்டை, வெள்ளைக்காரன். வெயிலில் அந்த வெள்ளை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னொருவன் மாநிறம், சுருட்டை முடி, பஸ் படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஏறும் உடம்பு. ஏறியதிலிருந்து எதிரே பட்ட எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

நெட்டையன் என் சீட்டருகே வந்து குனிந்தான்.

“வணக்கம் ஐயா. இவ்விடத்தில் யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா?”

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்ததோடு என் காதைவிட்டுப் போன தமிழ் அது. நகர்ந்து உட்கார்ந்தேன். மற்றவனுக்கு அந்தச் சீட்டில் இடம் போதாது. முன்படிக்கட்டை ஒட்டிய சீட்டில், பாதி உள்ளேயும் பாதி நடைபாதையிலுமாக உட்கார்ந்தான்.

“அவர் என் தோழர்” என்று கையைக் காட்டி அறிமுகப்படுத்தினான் நெட்டையன். பின்சீட்டில் சிவப்புத் துண்டு போட்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேட்கக் கேட்கச் சொன்னான். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்த வயதுப் பையன்கள் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு வருஷம் எங்காவது தூரதேசத்துக்கு ஊழியம் செய்யப் போவார்களாம். இவன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளையும் பக்கத்திலிருந்து வந்தவன். தோழர், பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவு. வரைபடத்தில் ஈ உட்கார்ந்து எழுந்த இடம் அளவு இருக்கும் என்றான். மதுரையில் ஜாகை. பெங்களூரில் வேலை பார்த்தபோது இவர்கள் சபையில் சேர்ந்த குடும்பம் ஒன்று நரிக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஜெபித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இருவர் சட்டைப் பையிலும் கறுப்புப் பெயர்ப் பட்டை. பெயருக்கு முன்னால் ‘மூப்பர்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பட்டம். இரண்டு மூப்பர்களுக்கும் சேர்த்து ஒரு மீசைக்கு வழியில்லை.

என்னை மதம் மாற்ற முயன்றானா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இல்லை. முயன்றிருந்தாலும் அவனிடம் தெம்பு இருந்திருக்காது. பூசையில் கொடுத்த வாழைப்பழத்தை நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தான். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசமாம். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம்வரை சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது.

“இந்த வெயிலிலா, தம்பி?”

“தண்ணீர் மட்டும் பருகலாம் என்று நான் தோழரிடம் சொன்னேன் ஐயா.” மடியில் இருந்த பையைத் திறந்து, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைக் காட்டினான். “அவருக்காகவே வாங்கினேன். அவர் மறுத்துவிட்டார். இன்று நாங்கள் ஜெபித்த வீட்டின் அம்மா மழைக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார். ஆகவே சூரியன் மறையும்வரை ஒரு துளியும் பருக மாட்டாராம்.”

எங்கள் பக்கத்து மேகங்களைப் பற்றி அந்தப் பையனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவை கூட்டம் போடும், தீர்மானம் நிறைவேற்றாது.

இன்னொரு விதியையும் சொன்னான். தோழர்கள் இருவரும் எப்போதும் ஒருவருக்கொருவர் கண்ணெட்டும் தூரத்தில், காதெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடைக்குப் போனாலும் சேர்ந்து, துணி துவைத்தாலும் சேர்ந்து. குளியலறைக்கு மட்டும் விலக்கு.

“கல்யாணம் மாதிரி போல” என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “திருமணம் செய்தவர்கள் இதைவிடத் தள்ளி இருக்கலாம் ஐயா.”

அதன் பிறகு தூங்கிவிட்டோம். கறி தின்றவனும் பட்டினி கிடப்பவனும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள். அவன் தலை என் தோளில், என் தலை ஜன்னல் கம்பியில். வெளியே கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கேயோ கண் திறந்தபோது தார் ரோட்டில் தண்ணீர் நின்றது. பஸ் அதன்மேல் மிதந்து போனது. பக்கத்தில் போனதும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது. கானல் என்று தெரிந்தாலும் அந்தத் தூக்கத்தில் அதை மறுக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். படகு போய்க்கொண்டிருந்தது.

தோளில் பாரம் குறைந்ததும் விழித்தேன். திருச்சுழியில் பஸ் நின்றிருந்தது. நெட்டையன் நடைபாதையில் நின்று காலி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தான். கீழே இறங்கிப் பஸ்ஸைச் சுற்றி வந்தான். அந்த உடம்பு ஒளிந்துகொள்ளும் அளவுக்கு எங்கள் பஸ்களில் இடம் கிடையாது.

“என் தோழரைக் கண்டீர்களா?” என்று கண்டக்டரைக் கேட்டான்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். “என்ன கேக்குறாரு அண்ணாச்சி?”

“கூட வந்த தம்பி எங்கேங்கிறாரு.”

“அந்தப் பெரிய தம்பியா? அது அப்பவே எறங்கிருச்சே. வழியில விலக்குல ஒரு அக்கா புண்ணாக்கு மூட்டையோட எறங்குச்சு. இந்தத் தம்பி எந்திரிச்சு மூட்டைய எறக்கிக் குடுத்துச்சு. சரி, ஏறும்னு பாத்தா, தலையில வச்சுக்கிட்டு அது பாட்டுக்கு அந்தக்கா பின்னாடி நடக்குது. நான் விசில் குடுத்தேன். திரும்பிப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போகுது. எறங்குற எடமே அதான் போலன்னு ரைட் குடுத்துட்டேன்.”

இதை நான் நல்ல தமிழில் எடுத்துச் சொன்னேன். நெட்டையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அவர் தீவில் ஒரே ஒரு பேருந்துதான் ஐயா. ஒருவர் மற்றவருடைய சுமையை வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை அது நிற்குமாம். போன வாரம் சொன்னார். நான் சிரித்தேன்.”

மெதுவாக மீதியும் தெரிந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு போன். அது நெட்டையனிடம் இருக்கிறது. தீவுப் பையன் இந்தியாவுக்கு வந்தே ஒரு வாரம்தான். தமிழில் அவனுக்கு ‘நன்றி’ மட்டும் தெரியும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே மணி இரண்டரை வெயில், நாய்கூட வண்டிக்கடியை விட்டு வராத வெயில்.

“நாளை திங்கட்கிழமை” என்றான் நெட்டையன். “வாரத்தில் அன்று மட்டும் வீட்டாருடன் பேசுவோம். அவருடைய அம்மா வீடியோவில் வருவார். போன வாரம் அவர், என் மகனைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.”

கண்டக்டர் என் பையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். “அண்ணாச்சி, நீங்க கூடப் போயிட்டு வாங்க. இவரு பேசுற தமிழு இங்க ஒருத்தருக்கும் வெளங்காது.”

நான் நல்லவனாக இறங்கினேன் என்று எழுத ஆசைதான். வயிற்றில் கிடாய் இருந்தது, வீட்டில் ஏர்கூலர் இருந்தது. ஆனால் மொத்தப் பஸ்ஸும் நான் இறங்குவதற்காகக் காத்திருந்தது. இறங்கினேன்.

நரிக்குடி பஸ் வர நேரமாகும் என்றார்கள். விசேஷ வீட்டுக்கு வாடகைக்குப் போன பிளாஸ்டிக் சேர்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் கேட்டேன்.

“முன்னாடி எடமில்ல. பின்னாடி ஏறிக்கோங்க” என்றார். பிறகு தாராளமாக, “சேரு கெடக்கு, எடுத்துப் போட்டு உக்காருங்க.”

ஏறுவதற்கு முன் நெட்டையன் தயங்கி நின்றான். “ஐயா, ஒரு வேண்டுகோள். தோழர் இல்லாமல் நான் தனியாக இருக்கக் கூடாது. அவர் கிடைக்கும்வரை தாங்கள் என் தோழராக இருப்பீர்களா?”

“என்ன செய்யணும்?”

“ஒன்றும் செய்ய வேண்டாம். கண்ணெட்டும் தூரத்தில், காதெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.”

சரி என்றேன். இத்தனை வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அதுதான்.

திறந்த வண்டியில் இரண்டு சிவப்புச் சேர்களைப் போட்டு, அக்கம்பக்கமாக உட்கார்ந்து போனோம். திருவிழாவில் சப்பரம் போவதுபோல வண்டி ஆடி ஆடிப் போனது. ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, என்ன சாமி என்று தெரியாமலே பாதிக் கும்பிடு போட்டார். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், வெடித்துக் கிடந்தது. தூரத்துப் பனைகள் வெக்கையில் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நின்றன. என்னுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கறிக்குழம்பில் உப்பும் காரமும் தாராளம். நெட்டையன் மடியில், திறக்காத பாட்டிலில், தண்ணீர் தளும்பிக்கொண்டு வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அந்தத் தண்ணீர் யாருக்கு என்று தெரிந்த பிறகு வாய் திறந்து எப்படிக் கேட்பது.

ஊருக்குப் பாதை பிரியும் அந்த விலக்கில் இறங்கினோம். பயணியர் நிழற்குடையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவரை எழுப்பிக் கேட்டேன்.

“ஆமா, போனாக. தலையில மூட்டை, கழுத்துல டை. நான் தூக்கக் கலக்கத்துல ஏதோ சொப்பனம்னு நெனச்சேன்” என்றார். “அந்தா, கம்மாய்க்குள்ள எறங்கி நேரா போனா ஊரு வந்துரும். குறுக்குப் பாதை. ஆனா வெயிலு.”

கண்மாய் வறண்டு கிடந்தது. உள்ளே கருவேலம். புழுதியில் ஒரு ஜோடிச் செருப்புத் தடம், பக்கத்தில் ஆழமான ஷூ தடம். மூட்டைக் கனம் அந்தப் புழுதியில் அச்சாகியிருந்தது. தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பாதி வழியில் எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. ஒரு புதருக்குப் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தால், நெட்டையன் எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஏதோ பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். கண்ணுக்கு விலக்கு உண்டு, காதுக்குக் கிடையாது போலிருக்கிறது.

கொஞ்சதூரத்தில் அவன் நின்றுவிட்டான்.

பாதை நடுவில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ இருந்தது. கழற்றி வீசியதல்ல. கோவில் வாசலில் விடுவதுபோல, பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக வைத்திருந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஒரு சத்தம் இல்லை. வெயிலில் கருவேலங்காய்கள் உதிர்வதுகூடக் கேட்டது. யாரோ அந்த இடத்தில் ஷூவை விட்டுவிட்டுக் காற்றில் ஏறிப் போய்விட்டதுபோல இருந்தது.

நெட்டையன் மண்டியிட்டு ஒரு ஷூவைத் தொட்டான். சுட்டிருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டான். பிறகு தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் கூப்பிட ஆரம்பித்தான். பெயரைச் சொல்லவில்லை, ‘மூப்பரே, மூப்பரே’ என்றுதான் கூப்பிட்டான். வறண்ட கண்மாயில் ஒரு சின்னப் பையன் இன்னொரு சின்னப் பையனை மூப்பரே என்று கூவினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்தபோது தள்ளாடினான். கையைப் பிடித்துக்கொண்டேன். “தம்பி, ஒரு வாய் குடிச்சுட்டு நட. சாமி கோவிச்சுக்காது.”

“கடவுள் கோபிக்க மாட்டார் ஐயா. ஆனால் அவர் குடிக்கவில்லையே.”

ஷூக்களை அவன் ஒரு கையில் எடுத்துக்கொண்டான். பாட்டில் இன்னொரு கையில். நான் அவன் முழங்கையில். அப்படியே கரையேறினோம்.

கரைக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள், ஒரு வேம்பு, வரிசையாகப் பனைகள். எங்கேயோ மோட்டார் ஓடும் சத்தம். சத்தத்தை நோக்கிப் போனோம். முதல் வீட்டுக்குப் பின்னால் போர்வெல் குழாய். அதிலிருந்து தண்ணீர் விழும் சிமென்ட் தொட்டி. தொட்டியைச் சுற்றி ஆடுகள் நின்று, ஒரு பொது விவகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டிக்குள், கழுத்துவரை தண்ணீரில், வெள்ளைச் சட்டையும் டையுமாக, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் தீவுப் பையன். குழாய்த் தண்ணீர் அவன் சுருட்டை முடியில் விழுந்து வழிந்தது. டை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து, வாழைப்பூ இதழ்போல மிதந்துகொண்டிருந்தது.

நெட்டையன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே புழுதியில் உட்கார்ந்தான். தொட்டி ஓரமாக நின்ற அம்மாவிடம், அவர் கேட்காமலே, “என் தோழர்” என்றான்.

அந்த அம்மாவுக்கு என் வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் மக். என்னைப் பார்த்ததும் படபடவென்று கொட்டிவிட்டார்.

“நீங்கதான் கூட வந்தவுகளா அண்ணே? நல்லா விட்டீக புள்ளைய. வேணாம் தம்பி, வேணாம் தம்பின்னு வழியெல்லாம் சொல்லிட்டே வாரேன், மூட்டையக் குடுக்க மாட்டேங்குது. பாதி வழியில செருப்பு வாயப் பொளந்திருச்சு. அதக் கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட நடக்குது. வீட்டுக்கு வந்தவுகளுக்கு மொதல்ல தண்ணி குடுக்கணும்ல? சொம்ப நீட்டுனா கையெடுத்துக் கும்புட்டு வேணாங்குது. எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. மூட்டையச் சொமந்துட்டு வந்து, தண்ணி வேணாம்னா என்ன அர்த்தம்? நம்ம வீட்டுத் தண்ணி ஆகாதோன்னு ஆயிருச்சு.”

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், “அழுதுட்டா” என்று எனக்குத் தகவல் சொன்னார்.

“நீங்க சும்மா இருங்க. அப்புறம் வானத்தக் காட்டுது, வயித்தக் காட்டுது. இவுகளுக்கு வெளங்கல. வயித்துப்போக்கு போலங்கிறாக. எனக்குப் பிடிபட்டுருச்சு. பங்குனிப் பொங்கலுக்கு நானும் காப்புக் கட்டி விரதம் இருக்குறவதான? விரதமாப்பான்னு கும்புட்டுக் காட்டுனேன். ஆமான்னு தலையாட்டிக்கிட்டே செவுத்துல சாஞ்சிருச்சு. மேலெல்லாம் அடுப்பாக் கொதிக்குது. கண்ணு சொருகுது. வாயில ஊத்தப் போனா பல்லக் கடிச்சுக்கிருது. என்னத்தச் செய்ய?”

“என்ன செஞ்சீக?”

“குடிக்கத்தான கூடாது. குளிக்கக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிருக்கு? மோட்டாரப் போடுங்கன்னேன். ரெண்டு பேருமா இழுத்துக் கொண்டாந்து தொட்டிக்குள்ள எறக்கிட்டோம்.”

“எறக்குனதும் பாதித் தண்ணி வெளிய போயிருச்சு” என்றார் வீட்டுக்காரர். “ஆடுக அடிச்சுப் பிடிச்சு ஓடுச்சுக. ஆனா தம்பிக்குக் கண்ணு முழிச்சிருச்சு.”

பேச்சுச் சத்தத்தில் தீவுப் பையன் கண்ணைத் திறந்தான். நெட்டையனைப் பார்த்துச் சிரித்தான். தாமதமாக வந்தவன் நெட்டையன் என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். நெட்டையன் கோபமாக ஆரம்பித்தான். முடிக்கும்போது ஷூ சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் காலைப் போட்டுக்கொண்டிருந்தான். தோழர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“கண்ணை மூடினால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறதாம் ஐயா. கடல் கேட்கிறதாம்.”

நான் மேலே பார்த்தேன். பனையோலைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அலை வந்து கரையில் சரிந்து, சரளைக் கல்லை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனது. மறுபடி வந்தது. திருச்சுழிப் பக்கத்தில் கடல் இருப்பதை ஐம்பது வருஷத்துக்கு மேல் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

வெயில் இறங்கும்வரை யாரும் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்காரர் கட்டிலை வேம்படியில் இழுத்துப் போட்டார். அந்த அம்மா எனக்குக் கொடுத்த டம்ளர் தண்ணீரை, பையன்கள் குடிக்காமல் நான் எப்படிக் குடிப்பது என்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தீவுப் பையன் அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனைச் சுற்றிவந்து இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். சட்டையும் டையும் வேலியில் காய்ந்தன. மேற்கே மேகம் ஒன்று திரண்டது. நல்ல கறுப்பு. காற்றில் மண்வாசனைகூட வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம், தீவுப் பையன் எல்லோரையும்விட அதிகமாக. மேகம் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, தெற்கே நகர்ந்தது.

“கமுதிக்குத்தான் போவுது” என்றார் வீட்டுக்காரர். “எப்பவும் அங்கதான் போகும். அங்க என்னத்தக் கண்டுச்சோ.”

தீவுப் பையனின் முகம் வாடிவிட்டது. தன்னுடைய மாட்டை ஊரார் வயலில் விட்டவன்போல அந்த அம்மாவைப் பார்த்தான். அவர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “விடுப்பா. நீ என்ன செய்வ. கமுதியிலயும் மனுசங்கதான் இருக்காக.”

பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. நெட்டையன் போனில் மணி பார்த்துவிட்டுத் தலையசைத்தான். இருவரும் கண்ணை மூடிச் சில வார்த்தைகள் முணுமுணுத்தார்கள். பிறகு நெட்டையன், மத்தியானத்திலிருந்து சுமந்து வந்த பாட்டிலைத் திருகித் திறந்து தோழரிடம் நீட்டினான்.

அவன் வாங்கவில்லை. எழுந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனான். இரண்டு கையையும் நீட்டினால் வேட்டி நிற்காது. ஒரு கையைத்தான் நீட்ட முடிந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய், மத்தியானம் நீட்டிய அதே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாந்து குடித்தான். நிறுத்தாமல் குடித்தான். அந்த அம்மா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொம்பு காலியானதும், “நன்றி” என்றான், அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு சொம்பு கொண்டாரேன்” என்று உள்ளே போனார்.

திறந்த பாட்டில் நெட்டையன் கையிலேயே இருந்தது. அதை என்னிடம் நீட்டினான்.

“மொதல்ல நீ குடி தம்பி.”

“தாங்கள் குடியுங்கள் ஐயா. பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து தாங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னான். தோழர் என்றால் அதையெல்லாம் பார்ப்பது வழக்கம்போல. எனக்கு அந்த இடத்தில் பதில் சொல்லத் தனிமையின் மேன்மை பற்றி ஒரு வாக்கியமும் அகப்படவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஊரில் ஆள் உண்டு. கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னாலே போய்விடுவார்கள். தண்ணீர் குடித்தேனா என்று கேட்காமலே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் போன பிறகு அதை யாரும் செய்யவில்லை என்பது, பாட்டில் கைக்கு வரும்வரை எனக்கே தெரியாது. வாங்கிக் குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மத்தியானம் முழுக்க இரண்டு கையில் இருந்த சூடு.

அந்த அம்மா டீ போட எழுந்தார். இவர்கள் டீயும் குடிக்க மாட்டார்கள் என்று பஸ்ஸிலேயே கேட்டு வைத்திருந்ததை நான் அவசரமாகச் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு முறை அவர் முகம் சுண்ட வேண்டாமே. “இதென்ன சாமியோ, ஒண்ணும் விடமாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே கம்பங்கூழில் மோர் ஊற்றிக் கொண்டுவந்தார். தீவுப் பையன் அதை எத்தனை சொம்பு குடித்தான் என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இருட்டுவதற்கு முன் டிராக்டரில் ஏற்றி ரோட்டில் விட்டார்கள். வாய் பிளந்த ஷூவைச் சணல் கொண்டு கட்டியிருந்தார் வீட்டுக்காரர். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. இருவரும் ஏறினார்கள். ஏறுமுன் நெட்டையன் என் கையைக் குலுக்கி, “தங்கள் ஊழியம் முடிந்தது ஐயா” என்றான். விளையாட்டுக்குச் சொன்னானா நிஜமாகவா என்று அந்தத் தமிழில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்சதூரம் போய்த் திரும்பினால், ஜன்னலில் அவன் முகம், என்னையே பார்த்துக்கொண்டு. இன்னும் தள்ளிப்போய்த் திரும்பினேன். அப்போதும் பார்த்தான். வண்டி ஸ்டாண்டைவிட்டு வளைந்து, கண்ணெட்டும் தூரம் முடியும்வரை பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு காதெட்டும் தூரமும் முடிந்தது.

அவர்கள் இப்போது ஊழியம் முடிந்து அவரவர் ஊர் போயிருப்பார்கள். ஒருவன் கிழங்குக் காட்டில், ஒருவன் நிஜக் கடலோரத்தில். நான் அதே கடையில், அதே தும்மலோடு இருக்கிறேன். ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது: இப்போதெல்லாம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், என்னோடு யாரும் வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தும், ஒருமுறை திரும்பி நின்று, எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.